கடைமடை வரை போய்ச் சேரும் ஆலோசனை: காவிரி டெல்டாவின் காலநிலை ஆய்வுகளுக்கு வல்லுநர் குழு அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் காலநிலை மாற்றம் குறித்து ஆய்வு தொடங்குபவர் எந்தத் துறையைச் சேர்ந்தவராக இருந்தாலும், ஓராண்டு முடிவதற்குள் தம் துறையின் வரப்பைத் தாண்டியே ஆக வேண்டும். வேதாரண்யம் பக்கத்தில் சம்பா நெல் மகசூல் ஏன் குறைகிறது என்று கேட்கும் பயிரியலாளர் முதலில் மண்ணின் உப்பை அளப்பார். உப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால், நிலத்தடியில் கடல்நீர் உட்புகுவதைப் பற்றி நிலநீரியலாளரிடம் கேட்க வேண்டும். நன்னீர் ஏன் அதைக் கழுவிச் செல்லவில்லை என்று கேட்டால், வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளையும், முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தையும் பற்றிப் பாசனப் பொறியாளரிடம் கேட்க வேண்டும். விளைச்சல் குறைந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் என்ன ஆனார் என்று விசாரிக்கும்போது பொருளியலும் சமூகவியலும் தாமாகவே உள்ளே வந்துவிடும். இத்தனையையும் ஓர் ஆய்வாளர் கற்றுத் தேர்வது இயலாது என்பதால்தான் வல்லுநர் ஆலோசனைக் குழு தேவைப்படுகிறது.

இத்தகைய குழுக்களில் உறுப்பினர்-செயலராகப் பணியாற்றிய அனுபவத்திலிருந்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் பணியாற்றிய முதல் குழு, ஆய்வு முறை முடிவாகி, கருவிகள் வாங்கப்பட்டு, கேள்வித்தாள் அச்சான பிறகே முதன்முறையாகக் கூடியது. மண்ணின் உப்பை டிசம்பர் மாதத்தில் அளப்பதாக அட்டவணை போடப்பட்டிருந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த விவசாயி உறுப்பினர் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க வர்ற மாசத்துல வயல்ல உப்பு இருக்காதுங்க. ஐப்பசி மழையே கழுவிட்டுப் போயிருக்கும். சித்திரை வைகாசியில வந்து பாருங்க, வெள்ளையாப் பூத்துக் கெடக்கும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் நிதி வழங்கிய அமைப்பின் ஒப்புதல் டிசம்பருக்கே வாங்கப்பட்டிருந்ததால், அந்த ஆண்டின் அளவீடு டிசம்பரிலேயே நடந்தது. ஓராண்டுத் தரவு பயனின்றிப் போயிற்று. ஆலோசனை கிடைத்தும் அதை ஏற்கும் இடம் ஆய்வில் இல்லாமல் போனதுதான் அங்கே நிகழ்ந்த பிழை. கீழே சொல்லப்போகும் படிகள் பெரும்பாலும் அந்த இடத்தை முன்கூட்டியே உண்டாக்கி வைப்பதைப் பற்றியவை.

முதற்படி: குழுவின் பணி வரம்பை எழுதுதல்

உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பதற்கு முன்பே, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் பணி வரம்பு எழுதப்பட வேண்டும். இந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லுமா, நிதி ஒதுக்கீட்டையும் மேற்பார்வையிடுமா, முடிவுகள் வெளிவரும் முன் அவற்றைச் சரிபார்க்குமா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். தமிழக அரசு 2022இல் முதலமைச்சரின் தலைமையில் அமைத்த காலநிலை மாற்ற ஆட்சிக் குழு போன்ற அமைப்புகள் கொள்கையை வகுப்பவை. ஓர் ஆய்வுத் திட்டத்தின் ஆலோசனைக் குழு அப்படிப்பட்டது அல்ல. அது ஆய்வாளர்களின் கேள்வியையும் முறையையும் முடிவையும் கேள்விக்கு உட்படுத்துவதற்காக இருப்பது. இந்த வேறுபாடு எழுத்தில் இல்லாவிட்டால், முதல் கூட்டத்திலேயே மேட்டூர் அணையின் திறப்பு நாளை மாற்ற வேண்டும் என்பது போன்ற தீர்மானங்கள் வந்து விழும். அவற்றை நிறைவேற்றும் அதிகாரம் அங்கே யாருக்கும் இருக்காது.

முதன்மை ஆய்வாளர் குழுவின் ஆலோசனையை ஏற்க மறுக்கலாமா? மறுக்கலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதே என் பரிந்துரை. குழுத் தலைவர் ஆய்வை நடத்தும் நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது.

இரண்டாம் படி: கேள்வி உறையும் முன்பே குழுவிடம் கொண்டுபோதல்

ஆய்வுக்கேள்வி இன்னும் களிமண்ணாக இருக்கும்போதே அது குழுவின் கைக்குப் போக வேண்டும். இதற்கு டெல்டாவில் இப்போது அதிகம் பேசப்படும் ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன்.

தண்ணீர் தேங்கி நிற்கும் நெல்வயலின் மண்ணில் ஆக்சிஜன் இருப்பதில்லை. அந்தச் சூழலில் நுண்ணுயிரிகள் மட்கும் பொருள்களிலிருந்து, புவியை வெப்பமாக்கும் வாயுவான மீத்தேனை உண்டாக்குகின்றன. வயலை இடையிடையே காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இதைத்தான் நம் வேளாண் துறையினர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்கிறார்கள். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சுவது இதன் வழக்கமான முறை. எனவே ஒரு காலநிலை ஆய்வாளர், "டெல்டாவில் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையால் எவ்வளவு மீத்தேன் குறையும்?" என்று கேள்வியை எழுதி வைத்துவிடுவார்.

இந்தக் கேள்வியைப் பல துறையினர் முன்னே வைத்துப் பாருங்கள். மண்ணியலாளர், வயல் காயும்போது மீத்தேன் குறைந்தாலும் புவியை வெப்பமாக்கும் மற்றொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும், இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பார். பாசனப் பொறியாளர், ஆழ்துளைக் கிணற்றை நம்பிய குறுவைப் பருவத்தில் பாய்ச்சும் நாள் விவசாயியின் கையில் இருக்கிறது, ஆற்றுப் பாசனத்தில் அது முறை வரும் நாளைப் பொறுத்தது என்பார். வானிலை அறிந்தவர், வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி கார்த்திகையில் சம்பா வயலைக் காயவைப்பது யாராலும் ஆகாது என்று நினைவூட்டுவார். கடைமடை விவசாயி, "இன்னைக்கு வடியவிட்டா நாளைக்குத் தண்ணி வரும்னு யாரு உத்தரவாதம் தர்றது?" என்று கேட்பார், களிமண் வயல் ஒருமுறை வெடித்துவிட்டால், பிறகு பாய்ச்சும் தண்ணீரில் பெரும்பகுதி வெடிப்புக்குள்ளேயே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். களையெடுக்கும் பெண், தண்ணீர் இல்லாத வயலில் களை கூடும், தம் வேலைநாள் கூடுமா, அல்லது களைக்கொல்லி அடித்து உள்ள வேலையும் போகுமா என்று கேட்பார்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கேள்வி, "எந்த ஆற்றின், எந்த வாய்க்காலில், எந்தப் பருவத்தில், தண்ணீரின் மீது யாருக்குக் கட்டுப்பாடு இருக்கும்போது இந்த முறை பயன் தரும், அதன் செலவை யார் சுமப்பார்?" என்று மாறியிருக்கும். இது முதல் கேள்வியைவிட நீளமானது. ஆனால் விடை கிடைத்தால் பயன்படக்கூடியது. இந்த மாற்றம் நிதிக்கு விண்ணப்பிக்கும் முன் நிகழ வேண்டும். ஆகவே, சிறிய தொகையில் ஆறு மாத முன்னோட்டக் காலம் ஒன்றைத் திட்டத்திலேயே கேட்டுப் பெறுங்கள். அது கிடைக்காவிட்டால், குழுவின் முதல் கூட்டத்துக்குப் பிறகு ஆய்வு முறையைத் திருத்தலாம் என்ற ஒரு வரியையாவது ஒப்பந்தத்தில் சேர்க்கச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: நீரின் வழியே நடந்து உறுப்பினர்களைத் தேர்தல்

உறுப்பினர்களைத் துறைப் பட்டியல் போட்டுத் தேடினால், அறிமுகமான பேராசிரியர்களின் பெயர்களே வந்து நிற்கும். அதைவிட, மேட்டூரிலிருந்து கடல் வரை நீரின் பாதையை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் எந்த அறிவு இல்லாவிட்டால் நம் ஆய்வு தடுக்கி விழும் என்று குறித்துக்கொண்டு போவது நல்ல பலன் தருகிறது.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது; அதன் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), மரபுப்படி ஜூன் 12 அதன் திறப்பு நாள். அங்கே நீரியலை மட்டும் அறிந்தவர் போதாது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பையும், தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் வரையறுத்ததையும் படித்துப் புரிந்த ஒருவர் வேண்டும். வருங்கால மழையைப் பற்றிய கணிப்பு எதுவானாலும், டெல்டாவின் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் அந்தத் தீர்ப்புகளின் வழியாகத்தான் வருகிறது. அவற்றை விட்டுவிட்டுச் செய்யப்படும் காலநிலை மாதிரி, மழைக்கும் வயலுக்கும் நடுவே ஓர் ஆறே இல்லாதது போன்ற மாதிரியாகிவிடும்.

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் மீண்டும் பிரிகிறது. மிகும் வெள்ளம் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுகிறது. இந்த இடத்தில் ஒழுங்கியக்கிகளையும் மதகுகளையும் பல்லாண்டுகள் இயக்கிய, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணியில் இருப்பவர் அரசின் நிலைப்பாட்டுக்கு மாறாகப் பேச இயலாது என்பதால், அவரைச் சிறப்பு அழைப்பாளராக வைப்பதே அவருக்கும் நல்லது. பயிருக்கு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அனுபவம் இருக்கிறது. அதோடு, திருத்துறைப்பூண்டி வட்டத்தில் மறைந்த நெல் ஜெயராமன் தொடங்கி வைத்த விதைத் திருவிழாக்களின் வழியாக மரபு நெல்லை மீட்டு வைத்திருப்போரின் அறிவும் இருக்கிறது. இரு தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்தால் பேச்சு சிலவேளை சூடாகும். அந்தச் சூட்டுக்கு அஞ்சி ஒரு தரப்பை விட்டுவிடுவது தவறு.

கடலோரத்துக்கு வந்தால், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோடியக்கரை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002இல் சேர்ந்த ஈரநிலம். முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு இருக்கிறது. அந்தக் காடே பல்துறை வேலைக்கு நம் கண்முன் இருக்கும் சான்று. முற்காலத்தில் மரங்களை முழுதாக வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து, கடல் ஏறி இறங்கும்போது வரும் ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்து, கன்றுகள் முளைக்காமல் போயின. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கிளைபிரியும் வாய்க்கால்களை வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்த பிறகே அங்கே கன்றுகள் பிடித்தன. இதில் மண், கடல், காடு, சமூகம் என்ற எந்த ஓர் அறிவையும் பிரித்தெடுத்துவிட முடியாது.

இவர்களோடு, வெயிலில் நடவும் களையும் செய்யும் பெண்களின் உடல்நலத்தை அறிந்த பொதுச் சுகாதார மருத்துவர் ஒருவர், பொருளியலாளர் ஒருவர், சூழலியல் சட்டம் அறிந்தவர் ஒருவர் வேண்டும். வரலாற்றாய்வாளரைச் சேர்ப்பதைப் பலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தஞ்சை மராட்டியர் காலத்தில் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் எழுதப்பட்ட ஆவணங்கள் உள்ள ஊரில் இருந்துகொண்டு, கருவிப் பதிவு தொடங்கிய நாளிலிருந்துதான் காலநிலையே தொடங்கியது போல ஆய்வு செய்வது பெரிய இழப்பு.

ஊரார் எத்தனை பேர் என்ற கேள்விக்கு என் விடை, குறைந்தது மூவர். ஒருவரை மட்டும் வைத்தால் அவர் மரியாதைக்காக அமர்ந்திருப்பார். முனைவர்கள் நிறைந்த அறையில் தனியாக மறுத்துப் பேசுவது எவருக்கும் கடினம். ஒரு கடைமடை விவசாயி, ஒரு விவசாயத் தொழிலாளி, மீனவர் ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து ஒருவர் என்று மூவர் இருந்தால், ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துச் சொல்வார். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மொத்த உறுப்பினர்கள் ஒன்பதிலிருந்து பதினொருவர் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் அது குழுவாக இராது, மேடையாகிவிடும்.

மதிப்பூதியத்தில் வேறுபாடு காட்டாதீர்கள். பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே தொகையை நடவுக்குப் போகும் பெண்ணுக்கும் கொடுங்கள். பேராசிரியருக்கு அன்றைய சம்பளம் எப்படியும் வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு அன்றைய கூலி போய்விடும். பயணப்படியைக் கூட்டம் முடிந்த அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும்.

நான்காம் படி: நல முரணை அறிவித்தல்

ஆலோசனை சொல்பவரின் சொந்த நலன் அவரது ஆலோசனையோடு மோதக்கூடிய நிலையே நல முரண். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக்குழு (ஐபிசிசி) 1988இல் தொடங்கப்பட்டது. முறையான நல முரண் கொள்கையை அது 2011இல்தான் ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் அறிவியல் கழகங்களின் பன்னாட்டு அமைப்பு ஒன்று அதன் நடைமுறைகளை ஆராய்ந்து, அப்படியொரு கொள்கை வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தது. உலகளவிலான அமைப்புக்கே தேவைப்பட்ட ஒன்று நமக்கும் தேவை.

டெல்டாவில் இது எங்கெல்லாம் எழும் என்பதை வெளிப்படையாகவே சொல்லலாம். விதை, உரம், இறால் தீவனம் விற்கும் நிறுவனங்களிடம் ஆலோசகராக இருப்பவர்கள், எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிடம் ஆய்வு நிதி பெற்றவர்கள், விவசாயச் சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர்கள், ஆய்வு நடக்கும் ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் ஆகியோர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்களை விலக்கிவிட வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. இறால் பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகள் குறித்துத் தீர்ப்பு வழங்கியபோது, நிலமும் குடிநீரும் உப்பாவது பற்றிய நிபுணர்களின் கள அறிக்கைகள் அதில் பெரிய இடம் பெற்றன. இன்றும் நாகைக் கடலோரத்தில் உப்பு பற்றிய ஆய்வு எதுவும் இறால் குளங்களைத் தவிர்த்துவிட்டு நடக்க முடியாது. குளத்தை நடத்தியவரின் அறிவும் அதற்கு வேண்டும். அவருடைய நலன் என்ன என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்வார்கள். அவரது நலனை நேரடியாகத் தொடும் பொருளில் முடிவெடுக்கும்போது மட்டும் அவர் வெளியே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கூட்டங்களைப் பயிர் நாட்காட்டியோடு பொருத்துதல்

நிதியாண்டை வைத்துக் கூட்டம் போடுவது வழக்கம். டெல்டாவில் அது பொருந்தாது. ஜூன் நடுவில் கூட்டம் வைத்தால் விவசாயி குறுவை நாற்றங்காலில் இருப்பார். பொறியாளர் ஆற்றோடு போயிருப்பார். செப்டம்பர் அக்டோபரில் ஒருபுறம் குறுவை அறுவடை, மறுபுறம் சம்பா, தாளடி நடவு. தை மாதம் சம்பா அறுவடையும் கொள்முதல் நிலையத்துக் காத்திருப்பும்.

ஆண்டுக்கு மூன்று கூட்டங்கள் போதும் என்பது என் அனுபவம். முதலாவது ஏப்ரல் பிற்பகுதியில். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு மீனவர்கள் கரையில் இருப்பார்கள். பொறியாளர்கள் தூர்வாரும் பணியில் இருப்பார்கள் என்பது ஓர் இடையூறுதான். கூட்டத்தை அந்த வாய்க்கால் கரைக்கே கொண்டுபோய்விட்டால் இடையூறே வசதியாகிவிடும். உப்பு பூத்த வயலையும் அப்போதுதான் பார்க்க முடியும். இரண்டாவது கூட்டம் டிசம்பர் தொடக்கத்தில், வெள்ளம் வடியும் வடிகால்களின் ஓரத்தில். டெல்டாவின் துயரத்தில் பாதி, தண்ணீர் வராததால் வருவது. மறுபாதி, வந்த தண்ணீர் வடியாததால் வருவது. கோடையில் மட்டும் வந்து பார்க்கும் வல்லுநருக்கு இந்த மறுபாதி ஒருபோதும் தெரியாது. மூன்றாவது கூட்டம் மார்ச் முற்பகுதியில், சம்பா கணக்கு முடிந்து, நெல் தரிசில் உளுந்தும் பயறும் நிற்கும் நாட்களில். மாவட்ட ஆட்சியரகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்ட நாளோடு மோதாமல் தேதி குறியுங்கள்.

அட்டவணைக்கு வெளியே ஒரு கூட்டத்தைக் கூட்டவும் தலைவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்து, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அறுவடைக்கு நின்ற சம்பாவை 2021 ஜனவரியின் பருவம் தவறிய மழை மூழ்கடித்தது. இதுபோன்ற நிகழ்வுக்குப் பிறகு, ஆய்வின் கேள்வி இன்னும் பொருந்துகிறதா, துயரத்தில் இருக்கும் வீட்டில் கேள்வித்தாளோடு போய் நிற்பது முறைதானா என்பதை இரண்டு வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

ஆறாம் படி: சொற்களை ஒப்புக்கொள்ளுதல்

பல்துறை ஆய்வுகள் முறிவது பெரும்பாலும் கருத்து வேறுபாட்டால் அல்ல, ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் பேசுவதால்தான். ‘வறட்சி’ என்றால் வானிலையாளருக்கு மழைக்குறைவு. நீரியலாளருக்கு அணையின் இருப்புக் குறைவு. விவசாயிக்குப் பால்பிடிக்கும் தருணத்தில் தண்ணீர் இல்லாமை. மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் மூன்றாவது பொருளில் வறட்சி வரும்.

உவரும் களரும் இன்னொரு சிக்கல். உப்புக்கள் பொதுவாக மிகுந்த நிலம் உவர். சோடியம் மண்துகள்களில் ஏறிப் பிடித்துக்கொண்ட நிலம் களர். முன்னதை மின்கடத்துதிறன் அளவு, மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் என்ற எல்லையை வைத்து அடையாளம் காண்கிறார்கள். பின்னதற்குச் சோடியத்தின் பங்கையும் கார அமில நிலையையும் பார்க்கிறார்கள். நல்ல நீரைத் தேக்கி வடியவிட்டால் உவர் குறையும். களருக்கு ஜிப்சம் இட வேண்டும். இடாமல் கழுவினால் மண் இன்னும் இறுகக்கூடும். பேச்சு வழக்கில் இரண்டையும் சேர்த்து உப்பு என்றே சொல்லிவிடுவதால், ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்குப் போய்ச் சேரும் ஆபத்து உண்டு. ஆகவே முதல் கூட்டத்தின் பாதி நாளை ஒதுக்கி, முப்பது நாற்பது சொற்களுக்குப் பொருள் எழுதி, அதைக் குழுவின் ஆவணமாக்கிவிடுங்கள்.

ஆவணங்கள் அனைத்தும் தமிழில், கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே, எல்லோருக்கும் போக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்காகச் சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில் 2010இல் அமைக்கப்பட்ட வல்லுநர் குழு, 2011 ஆகஸ்டில் தன் அறிக்கையை ஒப்படைத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் முயன்ற பிறகே 2012 மே மாதத்தில் அது பொதுவெளிக்கு வந்தது. கிராம சபைகள் விவாதிக்க வேண்டும் என்று அந்த அறிக்கையே விரும்பியிருந்தும், மக்களின் மொழியில் உரிய நேரத்தில் அது அவர்களைச் சென்றடையவில்லை. அந்த இடைவெளியில் அச்சமும் வதந்தியும் வளர்ந்தன. காவிரி பிறக்கும் மலையைப் பற்றிய அறிக்கைக்கே இது நேர்ந்தது என்பதை டெல்டாவில் இருக்கும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஏழாம் படி: கூட்டத்தை நடத்துதல்

காலையில் களம், பிற்பகலில் பேச்சு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். களத்தில் ஊரார் பேசுவார்கள், வல்லுநர்கள் கேட்பார்கள். அந்தப் பழக்கம் பிற்பகலிலும் சற்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பொருளிலும் தலைவர் கடைசியாகவே தம் கருத்தைச் சொல்ல வேண்டும். வட்டமாக அமருங்கள், பொன்னாடை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம்.

ஒருமித்த கருத்தை வலிந்து உண்டாக்க வேண்டாம். மாறுபட்ட கருத்து உள்ளவர் அதைத் தம் பெயரில் பதியச் செய்யலாம் என்ற விதி இருந்தால், மற்றவர்களும் கவனமாகப் பேசுவார்கள். உறுதியின் அளவைச் சொல்வதற்கும் ஒரு முறை வேண்டும். பன்னாட்டு அரசுக்குழுவின் அறிக்கைகளில் ‘நிகழ வாய்ப்புண்டு’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘நிகழ மிகுந்த வாய்ப்புண்டு’ என்றால் 90 சதவீதத்துக்கு மேல் என்று வரையறுத்திருக்கிறார்கள். நம் குழுவுக்கு இத்தனை நுணுக்கம் தேவையில்லை. அளந்து அறிந்தது, பலர் கண்டு சொன்னது, கணித்தது என்ற மூன்று வகையாகப் பிரித்துக் குறித்தாலே போதும்.

எட்டாம் படி: பதில் பேரேடு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்று யாராவது சொன்னால், இந்தப் படியைக் கடைப்பிடிக்கச் சொல்வேன். ஒரு பேரேட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: ஆலோசனை, சொன்னவர், ஆய்வுக் குழுவின் பதில், அதன்பின் நடந்தது. ஒவ்வோர் ஆலோசனைக்கும் முப்பது நாட்களுக்குள் பதில் எழுதப்பட வேண்டும். ஏற்றோம், பகுதியளவு ஏற்றோம், ஏற்கவில்லை என்று மூன்றில் ஒன்றும், அதற்கான காரணமும் இருக்க வேண்டும். ‘பரிசீலிக்கப்படும்’ என்பது பதில் ஆகாது.

இதன் அருமையை உணர்த்தும் நிகழ்வு ஒன்று உண்டு. பன்னாட்டு அரசுக்குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடக்கூடும் என்ற தவறான செய்தி இடம்பெற்றுவிட்டது. வரைவைப் படித்தவர்களில் சிலர் அந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருந்தார்கள். அவற்றுக்கு உரிய பதில் தரப்படவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு பத்தியின் பிழை, அறிக்கை முழுவதன் மீதும் ஐயத்தை உண்டாக்கப் பயன்பட்டது. மறுபுறம், பிரிட்டனில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காலநிலை மாற்றக் குழு ஆண்டுதோறும் தரும் முன்னேற்ற அறிக்கைக்கு, அரசு நாடாளுமன்றத்தில் பதில் வைத்தாக வேண்டும். அரசு ஆலோசனையை ஏற்காமல் போகலாம். மௌனமாக இருக்க முடியாது.

முதலில் சொன்ன அந்த உப்பு விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் பேரேடு வைக்கத் தொடங்கினோம். அதில் எழுதப்பட்ட முதல் வரியே அந்த விவசாயியின் பேச்சுதான். அடுத்த ஆண்டு சித்திரையில் அளவீடு நடந்தபோது நான்காம் பத்தியில் தேதியை எழுதி அவரிடம் காட்டினோம். அதற்குப் பிறகு அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

ஒன்பதாம் படி: தரவும் ஒப்புதலும்

ஊரார் தரும் அறிவு இலவசமாக எடுத்துப்போகும் பொருள் அன்று. எந்த நெல் மடுவில் நின்று பிழைக்கும், எந்தத் திசைக் காற்றில் எந்த மீன் வரும் என்பவற்றைப் பதிவு செய்யும் முன், அது எங்கே வெளியிடப்படும், யார் பெயரில் வரும் என்பதை விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். உயிரியல் பன்மைச் சட்டம் 2002இன்கீழ் உள்ளாட்சிகளில் பன்மை மேலாண்மைக் குழுக்களும் மக்கள் பதிவேடுகளும் இருக்கின்றன. விதை, மீன், மூலிகை பற்றிய ஆய்வானால் அவர்களிடம் முதலில் செல்லுங்கள். அளந்த உப்பு, நீர்மட்டம், வெப்பம் ஆகிய தரவுகளை, அளந்த வயலுக்கு உரியவரிடம் அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கு முன்பே தமிழில் ஒரு பக்கத் தாளாகக் கொடுத்துவிட வேண்டும். கட்டுரை வெளிவரும் வரை காத்திருக்கச் சொல்வது நியாயம் அன்று. ஒரு வயலின் உப்பளவு வெளியே தெரிந்தால் அதன் விலையும் குத்தகையும் பாதிக்கப்படலாம் என்பதால், பொதுவெளிக்குப் போகும் வரைபடத்தில் தனி வயல்கள் அடையாளம் தெரியாதபடி இருக்கட்டும்.

பத்தாம் படி: பதவிக்காலமும் கடைசிக் கூட்டமும்

உறுப்பினர் பதவி மூன்றாண்டு. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் மாறலாம். இரண்டு கூட்டங்களுக்கு வராதவரிடம் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு, வேறொருவரைச் சேருங்கள். பெயருக்காக யாரையும் வைத்திருக்க வேண்டாம்.

திட்டம் முடியும்போது கடைசிக் கூட்டத்தை ஆய்வு நடந்த கடைமடை ஊரிலேயே, பஞ்சாயத்து அலுவலகத்திலோ பள்ளியிலோ, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும்படி நடத்துங்கள். அங்கே விளக்கப்படங்களுக்குப் பதிலாகப் பதில் பேரேட்டை முதல் வரியிலிருந்து உரக்கப் படியுங்கள். ஏற்காத ஆலோசனைகளை அவற்றின் காரணத்தோடு படிக்க வேண்டும். நடக்காமல் நின்றுபோனவற்றைத் தனித்தாளில் எழுதி, அடுத்து அதே பகுதியில் ஆய்வுக்கு வரும் குழு பார்க்கும்படி பேரேட்டின் ஒரு படியோடு பஞ்சாயத்திடமும், மற்றொரு படியை அருகிலுள்ள கல்லூரி நூலகத்திலும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.